பின்பக்கக் கமான் உயர்த்திய பின் ஷாஃப்ட் அதிர்வு: வெறும் வண்டியில் 55 முதல் 65 கி.மீ. வேகத்தில் மட்டும்

நாமக்கல்_ஆறுசக்கரம்:

அனைவருக்கும் வணக்கம். வண்டி, நான்கு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின் பொருத்திய ஆறு சக்கர லாரி. ஆறு வேகக் கியர் பெட்டியில் மேல் கியர் நேரடி விகிதம். கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவில் சென்டர் பேரிங்குடன் வருகிறது. டயர் 10.00-20 ரேடியல், பின் அச்சின் பல்சக்கரங்களில் கிரௌன் 37 பல், பினியன் 7 பல். கோழித் தீவன மூட்டைகளைத்தான் பெரும்பாலும் ஏற்றுகிறோம்.

பின்பக்கக் கமான் (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) தொய்ந்துவிட்டதால் ஒரு கமான் பட்டறையில் பழைய பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, இருபுறமும் இரண்டிரண்டு பட்டை கூடுதலாக வைத்துக் கட்டினார்கள். வெறும் வண்டியாக நிற்கும்போது பின்புறச் சேஸிஸ் முன்பு இருந்ததைவிட ஏறத்தாழ 70 மி.மீ. உயர்ந்திருக்கிறது. அன்று முதல் சுமை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் 55 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் தரைத்தகடும் இருக்கையும் ரீங்காரமாக அதிரத் தொடங்குகின்றன. 65-ஐத் தாண்டினால் தணிகிறது. முழுச் சுமையுடன் அதே சாலையில் அதே வேகத்தில் எந்த அதிர்வும் இல்லை.

டயர்களை இடம் மாற்றியும் சமன் செய்தும் பார்த்தாயிற்று. சென்டர் பேரிங்கின் ரப்பர் தளர்ந்திருப்பதாகச் சொன்னதால் அதையும் மாற்றினோம். இரண்டிலும் பலன் இல்லை. இப்போது ஷாஃப்ட்டை பேலன்ஸிங்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அதற்கு முன் கைபேசியை இருக்கைக்கு அடியில் தரைத்தகட்டில் ஒட்டி அதிர்வுச் செயலியில் பார்த்தேன். 60 கி.மீ. வேகத்தில் 45 ஹெர்ட்ஸ் காட்டுகிறது, 50 கி.மீ. வேகத்தில் 46 காட்டுகிறது. வேகம் மாறியும் எண் மாறவில்லை என்பதால் இது சுழலும் உறுப்பிலிருந்து வருவதாகத் தெரியவில்லையே, கேபினின் இயல்பான அதிர்வாக இருக்குமோ என்று ஐயம். அனுபவம் உள்ளவர்கள் வழி காட்ட வேண்டுகிறேன்.

ஈரோடு_பட்டறை:

அதிர்வு சென்டர் பேரிங் மாற்றுவதற்கு முன்பே இருந்ததா, அதற்குப் பிறகு தன்மை மாறியதா என்பதை முதலில் சொல்லுங்கள். பேரிங் மாற்றும்போது ஷாஃப்ட்டின் பல்வெட்டு இணைப்பான ஸ்ப்ளைனைப் பிரித்திருப்பார்கள். பிரிக்கும் முன் சுண்ணாம்பாலோ சென்டர் பஞ்சாலோ அடையாளம் இடாமல், மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள கவை வடிவ யோக்குகள் ஒரே தளத்தில் இருக்காது. புதிதாக வருகிற அதிர்வுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது எங்கள் பட்டறை அனுபவம். யோக்குகளை இணைக்கும் கிராஸ்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஊசிப் பேரிங் இருக்கும் கிண்ணத்தில் சிறு தட்டுதல் தெரிந்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

நாமக்கல்_ஆறுசக்கரம்:

பேரிங் மாற்றுவதற்கு முன்பே இருந்தது அண்ணா. மாற்றிய பிறகும் அதேதான். யோக்குகளை ஒரு நேர்ப்பட்டையை வைத்துப் பார்த்தேன், இரு முனையும் ஒரே தளத்தில் இருக்கின்றன. அம்புக்குறிகளும் நேருக்கு நேர் உள்ளன. கிராஸ்களில் ஆட்டம் இல்லை.

சுழற்சி:

நான் பாலிடெக்னிக்கில் வாகனவியல் கற்பிப்பவன். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கழற்றினால் கூலி, கணக்குக்குக் கூலி இல்லை.

10.00-20 ரேடியல் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் உருளும். 60 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 16.67 மீட்டர், ஆகவே சக்கரம் நொடிக்கு 5.2 முறை சுற்றுகிறது. கிரௌன் பினியன் விகிதம் 5.29 என்பதால் ஷாஃப்ட் நொடிக்கு 27.5 முறை, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,650 முறை சுற்றுகிறது. டயர் அல்லது சக்கரத்தின் குறை என்றால் அதிர்வு 5 ஹெர்ட்ஸில் வரும். அது ரீங்காரமாக இருக்காது, உடலையே ஆட்டும். ஷாஃப்ட்டின் எடைச் சமநிலைக் குறையோ நெளிவோ என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு முறை, 27.5 ஹெர்ட்ஸில் வரும். கிராஸின் கோணத்தால் வரும் குறை ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது 55 ஹெர்ட்ஸில் வரும். உங்கள் கைபேசி இவற்றில் எதையும் காட்டாமல் 45 காட்டியதால்தான் குழப்பம்.

அந்தச் செயலி நொடிக்கு எத்தனை முறை பதிவு செய்கிறது என்று அமைப்புகளில் பாருங்கள். நொடிக்கு 100 முறை மட்டுமே பதிவு செய்யும் கருவியால் 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் உள்ளபடி காட்ட முடியாது. 50-ஐத் தாண்டிய அதிர்வை அது 100-இலிருந்து கழித்த எண்ணாகவே காட்டும். 55 ஹெர்ட்ஸ் உண்மை அதிர்வு திரையில் 45 என்று விழும். 50 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட்டின் இரட்டை அதிர்வு 45.9 ஹெர்ட்ஸ், அது எல்லைக்குள் இருப்பதால் உள்ளபடியே 46 என்று விழும். எனவே ஒரே மாதிரி தோன்றும் இரண்டு எண்களும் உண்மையில் வேறு வேறு. 40 கி.மீ. வேகத்தில் அளந்து பாருங்கள். 37-க்கு அருகில் வந்தால் ஐயமே இல்லை, அதிர்வு வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்று பொருள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. உங்களுடையது நான்கு சிலிண்டர் எஞ்சின்; அது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. மேல் கியர் நேரடி என்பதால் எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. ஆக எஞ்சின் மவுண்ட் கெட்டிருந்தாலும் இதே 55 ஹெர்ட்ஸ்தான் வரும். அலைவெண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் 60-ஐ எட்டியதும் கிளட்சை மிதித்து எஞ்சினை ஐடிலுக்கு இறக்குங்கள். அதே வேகத்தில் ஐந்தாம் கியரிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதிர்வு அப்படியே நீடித்தால் கியர் பெட்டிக்குப் பின்னால் தேட வேண்டும். இறக்கத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

மலைப்பாதை:

லாரிக்கு இவ்வளவு கணக்குத் தேவையா என்று தோன்றுகிறது. பட்டை கூட்டினால் கமான் இறுகும், இறுகிய கமானில் வெறும் வண்டி குதிக்கத்தான் செய்யும். சுமை ஏற்றியதும் அடங்குகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். இதில் ஷாஃப்ட்டைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? முப்பது ஆண்டாகத் தாளவாடி, பர்கூர் மலையேற்றங்களில் ஓட்டுகிறேன். பட்டை கூட்டிய எந்த வண்டியும் வெறுமையாக ஓடும்போது நடுங்காமல் இருந்ததில்லை.

சுழற்சி:

ஐயா சொல்லும் குதிப்பு உண்மையானது, ஆனால் அது வேறு. கமான் மேல் உடல் ஆடுவது நொடிக்கு இரண்டு மூன்று முறை. பின் அச்சு அடங்கிய ஹவுசிங் டயர் மேல் துள்ளுவது நொடிக்குப் பத்து முறை அளவில். இரண்டும் சாலையின் மேடு பள்ளத்தைப் பொறுத்து வரும், வண்டியின் வேகத்துக்குக் கட்டுப்பட்டு 55-இல் தொடங்கி 65-இல் தணியாது. நொடிக்கு ஐம்பது முறைக்கு மேல் வரும் ரீங்காரத்தைக் கமானின் இறுக்கம் உண்டாக்க முடியாது. உண்டான அதிர்வைக் கேபினுக்குக் கடத்த வேண்டுமானால் உதவலாம். சுமையில் அடங்குகிறது என்பதைத்தான் நானும் முக்கியத் தடயமாகப் பார்க்கிறேன். சுமை ஏறும்போது கமானின் இறுக்கம் மட்டுமல்ல, ஷாஃப்ட்டின் சாய்வும் மாறுகிறது.

நாமக்கல்_ஆறுசக்கரம்:

செயலியின் பதிவு வேகம் 100 என்றே இருக்கிறது. 40 கி.மீ. வேகத்தில் 37 காட்டியது, அதிர்வு மெலிதாகத்தான் இருந்தது. கிளட்சை மிதித்தும் பார்த்தேன், ஐந்தாம் கியரிலும் பார்த்தேன். 60-இல் ரீங்காரம் அப்படியே நீடிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது கொஞ்சம் கூடுவது போல் இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சுழற்சி:

அப்படியானால் எஞ்சினை விட்டுவிடலாம். பேலன்ஸிங்கையும் இப்போதைக்கு ஒத்திவைக்கலாம், ஏனெனில் அது 27.5 ஹெர்ட்ஸில் அல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

கிராஸ் ஜாயின்ட்டின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இல்லாதபோது உள்ளே சீராகச் சுற்றினாலும் வெளியே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை பின்தங்கும். 5 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் கூடுதலும் குறைவுமாக 0.38 சதவீதம், 10 டிகிரியில் 1.5 சதவீதம். கோணம் இரட்டித்தால் குறை நான்கு மடங்கு ஆகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த ஒழுங்கின்மையை அடுத்த ஜாயின்ட் எதிர்த்திசையில் சம அளவில் உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: ஷாஃப்ட்டின் இரு யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இரு முனைக் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். முதலாவதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இரண்டாவதைத்தான் யாரும் அளக்கவில்லை.

உயரம் கூட்டியதும் ஷாஃப்ட்டின் சாய்வு கூடியிருக்கும் என்பது வெளிப்படை. பின் ஷாஃப்ட் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு 25 மி.மீ. உயர்வுக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடும். ஆனால் அது முன், பின் ஷாஃப்ட்டுகள் சேரும் நடு ஜாயின்ட்டையும் பினியன் ஜாயின்ட்டையும் ஒரே அளவுதான் கூட்டும். முன் ஷாஃப்ட்டும் பினியனும் இணையாக இருக்கும் வரை சமநிலை கெடாது. ஆகவே உயரம் கூடியது மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. அதோடு பினியனின் முகமும் திரும்பியிருக்க வேண்டும்.

டிஜிட்டல் கோணமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதளத்தில் சக்கரங்கள் மேல்தான் நிறுத்த வேண்டும். ஜாக்கியில் சேஸிஸைத் தூக்கினால் ஹவுசிங் தொங்கிப் போய் எல்லா எண்களும் பொய்யாகும். தூக்கி நிறுத்திய வண்டியை கியரில் ஓடவிட்டு அடியில் படுத்துப் பார்க்கும் வழக்கமும் வேண்டாம். அது ஆபத்தானது, அதில் கிடைக்கும் விடையும் தவறானது. கியர் பெட்டியின் பின்முனை, முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், பினியன் ஆகிய நான்கின் சாய்வையும் எடுங்கள். கியர் பெட்டிக்கும் பினியனுக்கும் கடைந்த ஃபிளாஞ்ச் (இணைப்புத் தட்டு) முகத்தில் கோணமானியை நிமிர்த்தி வைத்துப் படியுங்கள், வார்ப்புப் பரப்பில் வைக்க வேண்டாம். பின்பக்கம் தாழ்வதைக் கூட்டல் குறியாக வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கழித்தால் வருவதுதான் ஜாயின்ட் கோணம் என்பதால் தரையின் சிறு சாய்வு விடையைப் பாதிக்காது. முடிந்தால் கமான் மாற்றாத அதே மாதிரி வண்டி ஒன்றையும் அளந்து வாருங்கள்.

பிக்கப்_பொள்ளாச்சி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனது பிக்கப்பில் ஒற்றைத் துண்டு ஷாஃப்ட். பின்னால் ஒரு பிளாக் வைத்து உயர்த்திய பின், முதல் கியரில் சுமையோடு கிளம்பும்போது மட்டும் தடதடவென்று உதறுகிறது, ஓட ஆரம்பித்ததும் நின்றுவிடுகிறது. இதுவும் இந்த வகையா?

ஈரோடு_பட்டறை:

உங்களுடையது உந்துவிசையைப் பொறுத்த உதறல், இந்த இழையில் பேசுவது வேகத்தைப் பொறுத்தது. கிளம்பும்போது முறுக்கு விசையால் கமான் முறுகிப் பினியனின் மூக்கு மேலே எழும். பிளாக் வைத்தால் நெம்புகோலின் நீளம் கூடுவதால் இன்னும் அதிகமாக எழும். அந்த நேரத்தில் கோணம் சமமற்றுப் போய் உதறுகிறது. கமானில் நிற்கும் சிறு வண்டிகளில் அதனால்தான் பினியனை ஓரிரு டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். பிளாக் மேல் பிளாக் அடுக்கியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். சென்டர் பேரிங் உள்ள வண்டிகளில் இதே உதறல் பேரிங்கின் ரப்பர் வழியாக வரும். உங்கள் வண்டிக்குத் தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

நாமக்கல்_ஆறுசக்கரம்:

அளந்துவிட்டேன். வெறும் வண்டியில் கியர் பெட்டி 3.0, முன் ஷாஃப்ட் 3.5, பின் ஷாஃப்ட் 10.5, பினியன் 1.0 டிகிரி. நண்பர் ஒருவரிடம் இதே மாதிரி வண்டி, கமானில் கை வைக்காதது, இருக்கிறது. அதில் அதே வரிசையில் 4.0, 4.5, 8.6, 4.5 வருகிறது. அவர் வண்டியில் கியர் பெட்டியும் முன் ஷாஃப்ட்டும் ஒரு டிகிரி கூடுதலாக இருப்பது ஏன் என்று விளங்கவில்லை.

சுழற்சி:

அந்த ஒரு டிகிரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது உங்கள் அளவீடு சரி என்பதற்கே சான்று. 4.2 மீட்டர் அளவு வீல்பேஸ் உள்ள வண்டியில் பின்புறத்தை 70 மி.மீ. தூக்கினால் சேஸிஸே ஏறத்தாழ ஒரு டிகிரி முன்னோக்கிச் சாயும். கியர் பெட்டியும் முன் ஷாஃப்ட்டும் அதனுடன் சாய்ந்திருக்கின்றன. நமக்கு வேண்டியது வேறுபாடுகள் மட்டுமே.

நண்பரின் வண்டியில் நடு ஜாயின்ட் 4.1, பினியன் ஜாயின்ட் 4.1. தொழிற்சாலை நினைத்தது இதுதான். உங்கள் வண்டியில் நடு ஜாயின்ட் 7.0. கூடியிருக்கும் 2.9 டிகிரி, 70 மி.மீ. உயர்வுக்கு வர வேண்டிய அளவுதான். ஆனால் பினியன் ஜாயின்ட் 9.5 ஆகியிருக்கிறது. உயர்வால் மட்டும் என்றால் அதுவும் 7.0-இல் நின்றிருக்க வேண்டும். மீதி 2.5 டிகிரி, பினியனின் மூக்கு கீழே கவிழ்ந்ததால் வந்தது.

சமமற்ற இரு கோணங்களில் மிஞ்சும் குறையைக் கணக்கிட அவற்றின் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் காண வேண்டும். 9.5-இன் வர்க்கத்திலிருந்து 7-இன் வர்க்கத்தைக் கழித்தால் 41.25, வர்க்கமூலம் 6.4. அதாவது இணை இல்லாத ஒற்றைக் கிராஸை 6.4 டிகிரியில் ஓட்டுவதற்கு ஒப்பான குறை உங்கள் ஹவுசிங்குக்குள் போகிறது. கழித்தால் 2.5 தானே என்று எண்ணுவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அடிப்படைக் கோணம் பெரிதாக இருக்கும்போது சிறு வேறுபாடுகூடப் பெரிய குறையாக மிஞ்சும். முன் ஜாயின்ட்டின் அரை டிகிரி இதில் பொருட்படுத்தத் தக்கதல்ல. நிமிடத்துக்கு 1,650 சுற்றில் இந்த 6.4 டிகிரி உண்டாக்கும் முறுக்கு முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 375 ரேடியன் அளவில் வருகிறது; ஷாஃப்ட் தயாரிப்பாளர்கள் பொதுவாக 300-ஐத் தாண்ட விடாதீர்கள் என்கிறார்கள்.

சுமை ஏற்றிய நிலையில் இதையே அளந்து சொல்ல முடியுமா?

நாமக்கல்_ஆறுசக்கரம்:

தீவனம் ஏற்றிய நிலையில் எடைமேடையின் சமதளத்தில் நிறுத்தி அளந்தேன். நடு ஜாயின்ட் 3.3, பினியன் ஜாயின்ட் 5.8 வருகிறது.

சுழற்சி:

அதே 2.5 டிகிரி வேறுபாடு, ஆனால் மிஞ்சும் குறை 4.8 டிகிரிதான், முடுக்கம் 207 அளவில், வரம்புக்குள். சுமையில் அடங்குவதன் காரணம் இதுவே. யோக்குகள் தளம் மாறியிருந்தால் இந்த அடங்கல் வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: யோக் 90 டிகிரி திரும்பியிருந்தால் வர்க்கங்கள் கழியாமல் கூடும், சுமையிலேயே 6.7 டிகிரி அளவுக் குறை மிஞ்சியிருக்கும், வெறும் வண்டியில் ஓட்டவே முடியாது.

65-க்கு மேல் தணிவது பற்றி யாராவது கேட்பார்கள். குறையின் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறிக்கொண்டேதான் போகிறது. இருக்கையில் நாம் உணர்வது, அந்த அதிர்வெண் சென்டர் பேரிங் பிராக்கெட்டோடும் தரைத்தகட்டோடும் ஒத்திசையும் இடத்தில் மட்டும். 70-இல் அமைதியாக இருக்கிறது என்பதற்காக ஷாஃப்ட்டும் கிரௌன் பற்களும் நிம்மதியாக இருக்கின்றன என்று பொருளில்லை.

இனி கேள்வி ஒன்றுதான். பினியன் ஏன் கவிழ்ந்தது? வளைவு ஏற்றுவதால் மட்டும் இவ்வளவு திரும்பாது.

கமான்_மேசை:

இது எங்கள் வேலை என்பதால் எழுதுகிறேன். சங்ககிரியில் கமான் பட்டறை வைத்திருக்கிறேன். பல லாரிகளில் கமானுக்கும் ஹவுசிங்கின் இருக்கைக்கும் இடையே ஆப்புத் தகடு ஒன்று இருக்கும். ஒரு முனை தடிமன், மறுமுனை மெலிவு. மெலிவு கண்ணுக்கு எளிதில் தெரியாது. கமானைக் கழற்றும்போது அது எண்ணெயும் துருவுமாகக் கீழே விழும். பையன்கள் துடைத்து எடுத்து வைப்பார்கள். நடுவில் சென்டர் போல்ட் துளை இருப்பதால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் உட்கார்ந்துவிடும். ஹவுசிங் கமானுக்குக் கீழே இருக்கும் அமைப்பில் தடித்த முனை வண்டியின் பின்புறம் பார்த்திருந்தால் பினியனின் மூக்கு மேலே எழும். முன்புறம் பார்த்திருந்தால் கவிழும். திருப்பி வைத்தால் தகட்டின் கோணம் போல் இரண்டு மடங்கு பிழை வரும், ஏனெனில் இருந்த ஏற்றமும் போய், அதே அளவு இறக்கமும் சேர்கிறது. உங்களுக்கு 2.5 டிகிரி விலகல் என்றால் தகடு ஒன்றேகால் டிகிரி இருக்க வேண்டும். கமானை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட்டை அவிழ்க்கும் முன்பே பக்கவாட்டில் விளக்கு அடித்துத் தகட்டின் இரு முனையையும் வெர்னியரால் அளந்து பாருங்கள்.

கூடுதல் ஆப்பு வாங்கி மேலே அடுக்கிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு ஆப்புகளை அடுக்கினால் யூ போல்ட்டின் பிடி நிற்காது. அலுமினியத் தகடு லாரிக்கு ஆகாது, நசுங்கும்.

மலைப்பாதை:

அப்படியானால் பட்டறை செய்த தவறுக்கு இவர் டயரும் பேரிங்கும் மாற்றியிருக்கிறார். அளந்து பார்த்ததால்தான் தெரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பட்டை கூட்டியது தேவையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நாமக்கல்_ஆறுசக்கரம்:

தகடு இருக்கிறது. இருபுறமும் தடித்த முனை முன்பக்கம் பார்த்திருக்கிறது. 150 மி.மீ. நீளத்தில் இரு முனைகளின் தடிமனுக்கும் வேறுபாடு 3 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். கணக்குப் போட்டால் ஒன்றேகால் டிகிரிதான் வருகிறது. நண்பரின் வண்டியில் அது பின்பக்கம் பார்த்திருக்கிறது.

வேறொரு பட்டறையில் பின்புறத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, யூ போல்ட்டுகளை அவிழ்த்து, இரு தகடுகளையும் திருப்பி வைத்தோம். பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தாமல் புதியவை போட்டோம். இறக்கிவைத்து, சிறிது தூரம் ஓட்டிக் கமான் படிந்த பிறகு அளந்ததில் பினியன் 3.4 டிகிரி, ஜாயின்ட் கோணங்கள் 7.0, 7.1. வெறும் வண்டியில் 60-இல் ரீங்காரம் போய்விட்டது. கூர்ந்து கேட்டால் 70-க்கு மேல் மெல்லிய முனகல் ஒன்று இருக்கிறது. செயலி அதை 65 என்று காட்டுகிறது.

சுழற்சி:

70 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு 32 முறை சுற்றும். இரட்டை அதிர்வு 64. நீங்கள் எழுதிய 65, 71 கி.மீ. அளவில் எடுத்ததாக இருக்கும். செயலி 65-ஐக் காட்டுவதிலிருந்து அதன் பதிவு வேகத்தைக் கூட்டியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, நன்று.

இந்த முனகல் எதிர்பார்த்ததுதான். இரு முனைக் கோணங்களும் இப்போது ஒன்றையொன்று அழித்துவிடுவதால் ஹவுசிங்குக்குள் போகும் சுழற்சி சீராகிவிட்டது. ஆனால் இரண்டு கிராஸ்களுக்கும் நடுவில் இருக்கும் பின் ஷாஃப்ட் 7 டிகிரியால் வேகமெடுத்தும் பின்தங்கியும்தான் இன்னமும் சுற்றுகிறது. அந்த எடையின் முடுக்கம் 60 கி.மீ. வேகத்தில் 450 அளவிலும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் எல்லையான 80-இல் 795 அளவிலும் வரும். இதற்குச் சொல்லப்படும் வரம்பு 1,000. கோணத்தின் வரம்பையும் பார்த்தால், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு 8.7 டிகிரி வரை ஏற்கலாம் என்பது நடைமுறை அட்டவணை, 80 கி.மீ. வேகத்தில் உங்கள் ஷாஃப்ட் 2,200 சுற்றில் இருக்கும். ஆக எல்லைக்குள் இருக்கிறீர்கள், ஆனால் இடைவெளி அதிகமில்லை. 4.1 டிகிரியில் ஓடுவதற்கென்று வடிவமைத்த கிராஸ் 7 டிகிரியில் விரைவாகத் தேயும். கிரீஸ் வைக்கும் இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

என் கருத்தைக் கேட்டால், கூட்டிய இரண்டு பட்டைகளில் ஒன்றையாவது எடுத்துவிடுவது மேல். உயரம் 30 மி.மீ. இறங்கினாலே இரு ஜாயின்ட்டிலும் ஒரு டிகிரிக்கு மேல் குறையும்.

ஈரோடு_பட்டறை:

ஸ்ப்ளைனையும் பாருங்கள். உயரம் கூடினால் பின் ஷாஃப்ட் கொஞ்சம் நீள வேண்டியிருக்கிறது. வெறும் வண்டியில் ஸ்ப்ளைனின் பளபளப்பான பகுதி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்த்து, உள்ளே பிடித்திருக்கும் நீளம் போதுமா என்று நண்பரின் வண்டியோடு ஒப்பிடுங்கள். பிடிமானம் குறைந்தால் ஷாஃப்ட் ஆடும்; அது 27 ஹெர்ட்ஸில் வேறொரு அதிர்வாகத் தலைகாட்டும், அப்போது பேலன்ஸிங் செய்தாலும் நிற்காது.

கமான்_மேசை:

யாரும் எழுதாத ஒன்று இருக்கிறது. பின்பக்க பிரேக்கில் சுமையறிந்து காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், அதன் கைக்கோல் ஹவுசிங்கோடு இணைக்கப்பட்டிருக்கும். சேஸிஸுக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் அது சுமையைக் கணிக்கிறது. நீங்கள் 70 மி.மீ. தூக்கியதால், பாதிச் சுமை இருக்கும்போதும் வண்டி வெறுமையாக இருப்பதாக எண்ணிப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும். முழுச் சுமையில் நிற்கும் தூரம் கூடும். அதிர்வு போனதும் இதை மறந்துவிடுவார்கள். கைக்கோலின் நீளத்தைப் புதிய உயரத்துக்கு ஏற்பத் தயாரிப்பாளரின் அளவுப்படி திருத்தச் சொல்லுங்கள். கண்ணளவில் திருகக் கூடாது. முகப்பு விளக்கின் ஒளியும் ஒரு டிகிரி தாழ்ந்திருக்கும், அதையும் ஏற்றிவிடுங்கள்.

நாமக்கல்_ஆறுசக்கரம்:

வால்வு இருக்கிறது, கைக்கோல் முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது. அடுத்த சுமைக்கு முன் அதைத் திருத்தக் கொடுக்கிறேன். கூட்டிய பட்டைகளில் ஒன்றை எடுத்துவிடவும் முடிவு செய்துவிட்டேன்; எடுத்த பிறகு நான்கு சாய்வுகளையும் மறுபடி அளந்து இங்கே எழுதுகிறேன். யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குவது எப்போது ஐயா?

கமான்_மேசை:

புதிய யூ போல்ட் என்றால் முதல் சுமை ஏற்றி ஓட்டிய உடனே ஒரு முறை, 500 கி.மீ. அளவில் மறுமுறை. இறுக்கும்போது வண்டி சுமையோடு சமதளத்தில் நிற்கட்டும், ஜாக்கியில் வேண்டாம். நான்கு நட்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஆப்புத் தகடு நகர்ந்துவிடும். பட்டையை எடுக்கும் நாளில் கழற்றும் முன்பே தகட்டின் தடித்த முனையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள் தம்பி.